ஆவுடைத்தாயின் பதில்

எந்தப் பக்கம் ரேடியோ செட் சத்தம் கேட்டாலும் ஆவுடைத்தாய் கையிலிருக்கும் வேலையை வைத்துவிடுவாள். கல்யாண வீட்டுப் பாட்டென்றால் மறுபடி எடுத்துக்கொள்வாள். துட்டி வீட்டு ஒப்பாரி என்றால் எழுந்து வந்து வாசல் நிலையில் ஒரு கையை ஊன்றி நிற்பாள். யாரோ தேடிக் கூப்பிட்டதற்குப் பதில் கொடுப்பதுபோல, "இங்கனதான் இருக்கேன்" என்பாள். பாட்டு முடிவதற்குள் இன்னும் இரண்டு தடவை அதையே சொல்வாள். அப்புறம் விட்ட வேலைக்குப் போய்விடுவாள்.

விக்கிரமசிங்கபுரத்தில் மில்காரர்கள் குடியிருக்கிற அந்தத் தெரு பல வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாக்கப்பட்டு வரும் புதுப்பெண்கள்தான் முதலில் பயப்படுவார்கள். யாரிடம் பேசுகிறாள் என்று கேட்பார்கள். அவள் வழக்கம் அது என்று மூத்தவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆவுடையிடம் நேரே கேட்டும் பயனில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் அவளுக்குக் குரல் எழும்பாது. காரணம் தெரிந்தவர் அவள் புருஷன் சுடலைக்கண்ணு ஒருவர்தான்.

அவள் பிறந்தது ஆழ்வார்குறிச்சிப் பக்கம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மற்ற இடத்தில் எழும்பாத அந்தக் குரல், துட்டி வீட்டில் பெண்கள் தோளோடு தோள் கட்டி அழுகிற வட்டத்துக்குள் போனால் மட்டும் தானாக வரும். செத்தவர் பெயரைச் சொல்லி அவள் ஓரடி எடுத்தால், வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆண்களும் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். போகும்போது வெற்றிலை பாக்கோடு, அழுதவளுக்கு உண்டான பங்கைக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள்.

அப்படி ஒரு வீட்டில் அவள் அழுததைக் கேட்டுவிட்டுத்தான் முத்துசுப்பிரமணியன் அண்ணாச்சி தேடி வந்தார். திருநெல்வேலி ஜங்ஷனில் கேசட் கம்பெனி வைத்திருந்தவர். அப்போது ஆவுடைக்குக் கல்யாணமாகிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. சுடலைக்கண்ணு மில்லுக்கு லீவு போட்டுவிட்டு அவளை பஸ்ஸில் கூட்டிப்போனார்.

மாடியில் ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் சாக்கும் மெத்தையுமாக அடைத்திருந்தது. கதவைச் சாத்தியதும் ரோட்டுச் சத்தம் அறுந்துபோயிற்று. தன் மூச்சே பக்கத்தில் வேறு யாரோ விடுகிற மூச்சாகக் கேட்டது. பிடித்துக்கொள்ள ஒரு தோள் இல்லை. கிடத்தியிருக்க ஒரு ஆள் இல்லை. அழுகை வரவில்லை. யார் பெயரையாவது சொல்லிப் பாடும்மா என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணாச்சி சொன்னார்.

யார் பெயரை? உயிரோடு இருக்கிறவர் பெயரைச் சொல்லக் கூடாது. செத்தவரைப் பதினாறாம் நாள் விசேஷம் கழிந்த பிறகு கூப்பிடக் கூடாது. அடங்கியவர் எழுந்து வந்துவிடுவார். இல்லாத பெயர் என்று ஒன்று உண்டா? எந்தத் தெருவிலாவது அந்தப் பெயரில் ஒரு ஆள் சோறு பொங்கிக்கொண்டிருக்கும். ஆவுடை யோசித்து யோசித்து, யாருக்கும் கேடு வராமல் தன் பெயரையே சொல்லிப் பாடினாள்.

"ஆத்தங்கரை மேட்டுல ஆவாரம் பூத்திருக்கு
பூப்பறிக்க நேரமில்ல, பொழுதிருக்கப் போனியே, ஆவுடே…"

பாடினாள் என்பதைவிடத் தனக்காகத் தானே அழுதாள் என்பதே சரி. பெயர் மூன்று இடத்தில் வந்தது. ஒரு சேலையும் பஸ் செலவும் கொடுத்தார்கள். கேசட் என்பது ஒரு வீட்டு அழுகைக்கு ஆகும், அதோடு தேய்ந்து அழிந்துபோகும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஒரு நாள் பாவம், தன்னோடு போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

சில மாதம் கழித்துக் கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், விடியற்காலை ஆற்றுக்குக் குளிக்கப் போனாள். கழுத்தளவு தண்ணீரில் நிற்கும்போது அக்கரைத் தோப்புக்குள்ளிருந்து ஒரு பெண் அழுகிற குரல் தண்ணீர் மேல் தவழ்ந்து வந்தது. பாவம், என்னமாய் அழுகிறாள் என்று ஆவுடைக்கும் கண் கலங்கியது. ஆள் யாரென்று தெரியவில்லையே தவிர, குரல் நன்றாகப் பழகியதாக இருந்தது. அப்போது அந்தக் குரல் ஆவுடே என்று கூப்பிட்டது.

தண்ணீருக்குள் கால் எங்கே நிற்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெயரில் வேறு பெண்களும் ஊருக்குள் உண்டுதான். ஆனால் அது கேசட்டிலிருந்து வரும் அவள் குரலேதான். அழுதபோது அந்தக் குரல் நினைத்தது இவளை. படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை.

அவள் ஊர்ப் பெண்களிடம் ஒரு பேச்சு உண்டு. உயிரோடு இருக்கிறவரைத் தவறிப் பெயர் சொல்லி அழுதுவிட்டால், அந்தப் பெயருக்குரியவர் பாட்டு அடங்குமுன் 'இருக்கேன்' என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் முதலில் பெயர் போகும், பிறகு ஆள் போகும். ஆவுடை மார்பைக் கட்டிக்கொண்டு, நடுங்குகிற பல்லோடு, அக்கரையைப் பார்த்து "இங்கனதான் இருக்கேன்" என்றாள். அன்று தொடங்கியது அந்த வழக்கம். அதன்பின் எந்தத் துட்டி வீட்டிலும் அவள் குரல் எடுத்து அழவில்லை.

சுடலைக்கண்ணு சிரிப்பார். "ஏட்டி, ஊருல ஒவ்வொருத்தன் சாகும்போதும் ஒன்னையும் சேத்துச் சாவடிக்கான். ஒனக்கு ஆயுசு நீண்டுக்கிட்டே போகுது. என்னைய அனுப்பிட்டுத்தான் நீ போவ" என்பார். அவர் அப்படிச் சொல்லும்போது அவளுக்கும் பயம் கொஞ்சம் விலகும்.

கேசட் தேய்ந்து அழிவதற்குள் சீடி வந்தது. சீடி போய் நகத்தளவு மெமரி கார்டு வந்தது. ஒருநாள் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யக் காஜா முகைதீன் கடைக்குப் போயிருந்தாள். ரேடியோ செட்டும் அவருடையதுதான். பாபநாசத்திலிருந்து அம்பை வரைக்கும் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர் செட்தான் போகும். அங்கே ஒருவர் போனை நீட்டித் துட்டிப் பாட்டு ஏற்றித் தரச் சொன்னார். வீட்டில் யாரும் தவறிட்டாவளா என்று காஜா கேட்டார். இல்லை பாய், கிடக்கட்டும் என்றார் அவர். கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. அந்த ஆள் அவளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவதை ஆவுடை பார்த்துக்கொண்டே நின்றாள்.

அதுவரை காதுக்கு எட்டிய இடத்துக்கெல்லாம் பதில் சொல்லிவந்தாள். இனி எங்கே என்று சொல்வது? யார் யாருடைய போனிலோ, செத்தவர் படத்தைப் போட்ட ஸ்டேட்டஸிலோ, வெளிநாட்டில் ஒருவன் காதுக்குள் மட்டுமோ, பதில் இல்லாமல் அவள் பெயர் கூப்பிடப்பட்டுக்கொண்டே இருந்தது. ரேஷன் கடை மெஷினில் அவள் ரேகை விழாமல் போயிற்று. பாத்திரம் தேய்த்த கை எல்லோருக்கும் அப்படித்தான் என்றார் கடைக்காரர். பஸ்ஸில் கண்டக்டர் அவளுக்கு முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டு அவளைத் தாண்டிப் போனார். தெரு நாய் முன்பெல்லாம் அவள் வந்தால் வாலாட்டும். இப்போது அவள் நிற்கும் இடத்தை ஊடுருவி அந்தப் பக்கம் பார்த்தது. எதற்கும் ஒரு காரணம் சொல்லிவிடலாம். அவளும் சொல்லிக்கொண்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன் சுடலைக்கண்ணு இறந்துபோனார். காலையில் காப்பி குடித்தவர் சாய்ந்தவாக்கில் போய்விட்டார். சொந்தக்காரர்கள் சொல்லி, காஜா முகைதீனே செட்டைக் கொண்டுவந்து, வாசலில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டினார். எல்லாத் துட்டி வீட்டுக்கும் போடுகிற பாட்டையே போட்டார்.

புருஷனின் தலைமாட்டில் ஆவுடை. வாசலில் குழாய் வழியாக இளவயது ஆவுடை. அந்தக் குரல் சுடலைக்கண்ணுவைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆவுடே, ஆவுடே என்று தன் போக்கில் அழுதது. சுற்றி அழுத இளம்பெண்களும் அந்தப் பாட்டைப் போனில் கேட்டே பழகியவர்கள். "பொழுதிருக்கப் போனியே, ஆவுடே" என்று அவர்களும் சேர்ந்து இழுத்தார்கள். கிடத்தியிருந்தவர் பெயரை அங்கே ஒருவரும் சொல்லவில்லை. அழுகிறவர்கள் கண்கள் தன் மேல் பட்டுப் பட்டு விலகியபோது, கிடப்பது தான்தானோ என்று ஆவுடைக்குத் தோன்றியது.

பக்கத்திலிருந்தவளின் தோளை அவள் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷமாக வெளியே விடாத குரலை எடுத்து, சுடலைக்கண்ணு பெயரைச் சொல்லி அழுதாள்.

"ஏளா, பாட்டு ஓடுதுல்லா, சும்மா இரி" என்றாள் ஒருத்தி.

வாசலில் நின்ற காஜா முகைதீன் குழாயைப் பார்த்தார். வீட்டுக்குள் பார்த்தார். குழாய்க்குள் இருக்கிற குரல் உள்ளே வயசாகி உட்கார்ந்து அழுவது அவருக்கு விளங்கிவிட்டது. செட்டை அணைத்தார். ஏன் நிறுத்தினீர் என்று கேட்டவர்களை விலக்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார்.

கொழுந்தன் மகள் ஸ்னேகா அந்த அழுகையைப் போனில் பிடித்து, பெரியப்பா நினைவாக இருக்கட்டும் என்று யூடியூபில் போட்டாள். மறுநாளே அதை எடுத்துவிட்டார்கள். இந்தக் குரல் சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்குச் சொந்தம் என்று அறிவிப்பு வந்தது. ஆரம்பத்தில் சிறிது நேரம் குழாய்ப் பாட்டும் பதிவாகியிருந்ததுதான் காரணம் என்று ஸ்னேகா சொன்னாள். ஆவுடைக்கு அந்த விளக்கம் ஏறவில்லை. தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"எத்தன லட்சம் பேரு கேட்டிருக்காவ! பெரியம்மைக்கு ஒரு சேலை மட்டுந்தானா?" என்று ஸ்னேகா கொதித்தாள். அவள்தான் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனாள். அண்ணாச்சி காலமாகிவிட்டார். அவர் மகன் கிரீஷ் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். டேப்புகளையெல்லாம் சென்னைக்காரர்களுக்கு விற்றுவிட்டதாகவும், தன் கையில் ஒன்றும் இல்லை என்றும் சங்கடத்தோடு சொன்னான். ஸ்னேகா பங்கைப் பற்றிக் கேட்டாள். ஆவுடை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எம் பேர எடுத்திரச் சொல்லுங்க தம்பி."

"பாட்டு மேல உங்க பேரே இல்லையேம்மா. கிராமியக் கலைஞர்னுதான் போட்டிருக்கு."

"மேல இல்ல தம்பி. உள்ள."

கிரீஷ் சென்னைக்குப் போன் போட்டுப் பேசினான். ஓடுகிற பாட்டை வெட்ட முடியாது என்றார்கள். வேண்டுமானால் புதிதாகப் பாடட்டும், நல்ல ஒலியில் எடுத்து, பழையதை இறக்கிவிட்டு இதை ஏற்றுகிறோம், பாடியவர் பெயரும் போடுகிறோம், வருஷா வருஷம் பங்கும் தருகிறோம் என்றார்கள். ஸ்னேகாவுக்கு முகம் மலர்ந்தது.

"வேற பேர் வச்சுப் பாடுங்கம்மா" என்றான் கிரீஷ். "உங்க வீட்டுக்காரர் பேரே வைங்களேன். இப்பதான தவறியிருக்காரு, உருக்கமா வரும்."

அவன் நல்லவிதமாகத்தான் சொன்னான். ஆவுடை தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். தன் பெயர் விடுபடும். அந்த இடத்தில் அவர் பெயர் போய் உட்காரும்.

ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தால் சுடலைக்கண்ணு பகலெல்லாம் தூங்குவார். யாராவது எழுப்பினால் பொறுக்காது. கீரைக்காரி, மீன்காரர் யாரும் கூவாமல் இருக்க வாசலிலேயே உட்கார்ந்து கைகாட்டி அனுப்புவாள் ஆவுடை. அத்தனை வருஷம் காத்த தூக்கம் அது. அவருக்குப் பதினாறும் கழிந்துவிட்டது. இனி ஊர் ஊராக, போன் போனாக, 'வாரும், எழுந்திரும்' என்று அவரைக் கூப்பிட்டால் அவர் எங்கே போய்ப் படுப்பார்?

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. இந்தத் தடவை ஸ்னேகாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு வந்தது. பெயர் வரும் இடத்தில் பழையபடி ஆவுடே என்று அழுதாள். மூச்சு வாங்கி, அழுகை இல்லாத, வாசலில் நின்று சொல்கிற குரலில், "இங்கனதான் இருக்கேன்" என்றாள். மூன்று இடத்திலும் அப்படியே.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிரீஷ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பதிவை அப்படியே சென்னைக்கு அனுப்பிவைத்தான். சென்னையில் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செத்த வீட்டில் போடுகிற பாட்டில் செத்தவர் பதில் சொன்னால் யார் கேட்பார்கள் என்றார்களாம். பதிவை ஒரு கார்டில் போட்டுக் கிரீஷ் அவளிடமே கொடுத்துவிட்டான். ஆவுடை பஸ்ஸை விட்டு இறங்கி நேரே காஜா முகைதீன் கடைக்குப் போனாள்.

"இனிமே இதப் போடுங்க தம்பி."

காஜா முழுதும் கேட்டார். கடை வாசலில் நின்ற இரண்டு பேர் பைய நகர்ந்து போனார்கள். "ஜனங்க பயப்படுவாவளே அக்கா" என்றார்.

"பயப்படட்டும்" என்றாள் ஆவுடை.

அவர் பழையதை அழித்துவிட்டு இதை ஏற்றிக்கொண்டார்.

முதல் தடவை அது கீழத்தெருவில் ஒரு துட்டி வீட்டில் ஓடியது. ஆவுடை நிலையில் கையை ஊன்றி நின்றாள். ஆவுடே என்று கூப்பிட்டது. அவள் வாய் திறப்பதற்குள் குழாயே "இங்கனதான் இருக்கேன்" என்றது. திறந்த வாயை அவள் மெள்ள மூடிக்கொண்டாள். தான் இல்லாமலேயே இந்தப் பதில் இனி வரும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்று வெகுநேரம் அவள் நிலையை விட்டு நகரவில்லை.

இன்று நிலைமை இது. பழைய பாட்டு இன்னும் கம்பெனியின் பெயரில் இருக்கிறது, கேட்கிறார்கள், இறக்கிக்கொள்கிறார்கள். பாடியவர் பெயர் அதில் இல்லை. அங்கிருந்து ஆவுடைத்தாய்க்கு எதுவும் வந்ததில்லை. துட்டி வீடுகளில் தனக்குக் கிடைப்பதில், அழுதவளுக்கு உண்டான பங்கைக் காஜா முகைதீன் வெற்றிலை பாக்கோடு கொண்டுவந்து கொடுக்கிறார். ரேஷன் கடை மெஷினில் அவள் ரேகை இப்போதும் விழுவதில்லை. மெஷினுக்குக் கண்ணைக் காட்டி அரிசி வாங்குகிறாள். காஜாவின் செட் எட்டுகிற ஊர்களுக்கு அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை. மற்ற இடங்களுக்காக, காலையில் வாசல் தெளித்ததும், தெற்கே பார்த்து நின்று, மொத்தமாக ஒரு தடவை சொல்லிவிட்டு உள்ளே போகிறாள்.