சுமகாய்சாய் கவுன் போட்ட நாள்

"இவங்கதான் நம்ம பின்வரிசை" என்று நான்கு குட்டிக் கலமன்சி எலுமிச்சம்பழங்களைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைக்கிறாள் கோச் ஜானெல் சுமகாய்சாய். வினிகர் பாட்டில் கோல்கீப்பர். என் தட்டிலிருந்த வறுத்த மீன் தலை, என்னை ஒரு வார்த்தை கேட்காமலேயே, எதிரணியின் முன்வரிசைக்காரி ஆகிவிடுகிறது.

"மீன் இப்படி வேகமா வருது. இந்த நாலு பேரும் என்ன பண்ணணும், மைக் அம்மணி?"

"பிழிஞ்சு மீன் மேல விடணும் கோச்."

ஊர்ப் போட்டிகளுக்கெல்லாம் மைக் பிடிப்பது என் வேலை. அதனால் அவள் எனக்கு வைத்த பெயர் அது. எனக்கோ பசி. பழங்களைத் திரும்பத் தருவதற்குள் மீன் ஆறிவிடும். கோல் மட்டும் விழாது.

ஜானெல் பிறந்தது கலிஃபோர்னியாவில், ஸ்டாக்டனில். அம்மா பிலிப்பைன்ஸில் எங்கள் இலோய்லோவிலிருந்து போன நர்ஸ். அமெரிக்கக் கல்லூரியில் பந்தாடிவிட்டு, பிலிப்பைன்ஸ் தேசிய அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் பின்வரிசையில் நின்றவள். அவளைத் தாண்டிப் போனவர்கள் குறைவு. தாண்டியவர்களும் நொண்டிக்கொண்டுதான் போனார்கள். முழங்கால்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ராஜினாமா கொடுத்த பிறகு, எங்கள் ஊர்ப் பெண்கள் கால்பந்து அணிக்குக் கோச்சாக வந்து சேர்ந்தாள். லீவுக்கு வந்த அமெரிக்காக்காரி, மாம்பழ சீசன் முடிந்ததும் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தோம். நான்கு சீசன் போய்விட்டது, பெட்டியைக் காணோம்.

எங்கள் பாஷையை அவள் கற்றுக்கொண்டது ஸ்டாக்டனில், அம்மாவின் ஜெபமாலைக் கூட்டத்துப் பாட்டிமார்களிடம். அதனால் மரியாதை வழிந்து ஓடும். மைதானத்தின் நடுவில் படுத்திருக்கும் நாயிடம் போய், "தயவுசெய்து கொஞ்சம் எழுந்தருளுங்க" என்பாள். திட்டும்போதும் அப்படித்தான். "கிங்-கிங் அம்மணி! பந்து அங்க எழுந்தருளியிருக்கு. தாங்கள் இங்க என்ன பண்றீங்க?"

கிங்-கிங் அணியின் தலைவி. காலையில் சந்தையில் மீன் விற்பவள், வாயைப் பற்றிச் சொல்ல வேண்டாம். "கோச், திட்டுனா ஒழுங்கா திட்டுங்க. நீங்க திட்டுறது கல்யாணப் பத்திரிகை படிக்கிற மாதிரி இருக்கு."

கோச்சின் அலமாரியில் ட்ராக்சூட் தவிர வேறு துணி கிடையாது. கல்யாணத்துக்கு நீலம், சாவுக்குக் கறுப்பு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் துவைத்தது. அப்படிப்பட்டவளுக்கும் எங்கள் ஊர் வழக்கத்துக்கும் என்றைக்காவது முட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

போட்டி என்றால் தொடக்க அணிவகுப்பு உண்டு. ஒவ்வொரு அணிக்கும் முன்னால் கவுனும் மார்புக்குக் குறுக்கே பட்டையும் போட்டு ஓர் அழகி நடக்க வேண்டும். மியூஸ் என்போம். பெண்கள் அணிக்கும் விதிவிலக்கு இல்லை. போன வருடம் கோச் ஒரே பிடியாக மறுத்தாள். "பதினாலு பொம்பளைங்க நிக்கிறோம். இதுக்கு மேல ஒரு பொம்பளை எதுக்கு?"

போட்டி நடத்தும் எபிஃபானியோ அண்ணன் கண்ணாடியை மாட்டினார். "மியூஸ் இல்லன்னா அணிவகுப்பு இல்ல. அணிவகுப்பு இல்லன்னா ஆட்டம் இல்ல." பந்தைத் தொடாமலேயே தோற்று வீட்டுக்குப் போன ஒரே அணி எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அணிக்குச் சட்டையும் சோறும் தருபவர் லெச்சோன் கடை டோடொங். முழுப் பன்றியைத் தணலில் சுடுவதில் பொறுமைசாலி, மற்றதில் இல்லை. இந்த வருடமும் ஆடாமல் வந்தால் அணியை மூடிவிட்டுக் கூடைப்பந்துக்குப் போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். அணி போனால் ஜானெலுக்கு ஸ்டாக்டன்தான். அங்கே முதியோர் இல்லத்தில் அம்மா அவளுக்கு ஒரு வேலையைப் பிடித்து வைத்துக்கொண்டு, தினமும் போன் செய்கிறாள்.

அதனால் இந்த முறை கோச் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தாள். கிங்-கிங்கின் சித்தி மகள் லவ்லி ஜாய்தான் மியூஸ். தொடக்க நாளன்று காலையில் பார்த்தால், லவ்லி ஜாய் புது கவுனும் ஒட்டு இமைமுடியுமாகப் பக்கத்து ஊர்க் கொடியின் கீழே நிற்கிறாள்.

"பார்லர், இமை, செருப்பு எல்லாம் அவங்களே குடுத்துட்டாங்களாம் கோச்" என்றாள் கிங்-கிங். அவமானத்தில் காது சிவந்திருந்தது.

"டிரான்ஸ்ஃபரா? அறிவிப்பே இல்லாமலா?" என்றாள் கோச்.

ஆட்டக்காரிகள் சட்டையோடு அணிவகுக்க வேண்டும். அவர்களில் யாரும் மியூஸ் ஆக முடியாது. பதினாலு பேரும் மெதுவாகக் கோச்சைப் பார்த்தார்கள். கோச் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். நாய்தான் இருந்தது.

"ஆகாது. என் கொள்கை என்னாவது?"

"கொள்கை ஸ்டாக்டன்லயும் பத்திரமா இருக்கும் கோச்" என்றாள் கிங்-கிங். "நாங்கதான் அங்க இருக்க மாட்டோம்."

கோச் ட்ராக்சூட்டின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினாள். பிறகு இறக்கினாள். "கவுனைக் கொண்டு வாங்க."

லவ்லி ஜாய் விட்டுப்போன மஞ்சள் கவுன். அவள் ஒல்லிக்குச்சி, இவள் பின்வரிசைக்காரி. முதுகு ஜிப் பாதி வழியில் நின்றுவிட்டது. மீதியைக் கணுக்காலுக்குச் சுற்றும் டேப்பால் ஒட்டினார்கள். செருப்பு எதுவும் நுழையாததால் காலில் பந்து பூட்ஸ். மேடையேறும்போது சறக் சறக்கென்று சத்தம்.

மியூஸிடம் நான் மைக்கில் இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். "பொழுதுபோக்கு?"

"மறித்தல்."

"லட்சியம்?"

"சாப்பாட்டுக்கு அப்புறம் நடக்கப்போற ஆட்டத்துல எங்க அணி ஆடுறது. தங்கள் கேள்விக்கு நன்றி."

எபிஃபானியோ அண்ணன் விதிகளை முன்னும் பின்னும் புரட்டினார். கோச் மியூஸாக வரக்கூடாது என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. "ஆடலாம்" என்றார். எங்கள் பெண்கள் போட்ட கூச்சலில் நாய் முதல்முறையாகத் தானே மைதானத்தை விட்டு எழுந்து போனது. நானும் சேர்ந்து கத்தினேன். மைக்கை மூட மறந்ததால் ஊரே கேட்டது.

அதோடு அவள் இறங்கியிருக்கலாம். வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் சிறந்த மியூஸ் பரிசை அறிவிக்கும் நேரம், முடிவுச் சீட்டு என் கைக்கு வந்தது. முதலிடம் லவ்லி ஜாய். இரண்டாமிடம் ஜானெல் சுமகாய்சாய்.

"எத்தனை மார்க் வித்தியாசம்?" என்றாள் கோச், உதடு அசையாமல்.

"அரை."

"எதுல?"

"நடையில, கோச்."

எதிராளி ஆஃப்சைடு என்று நடுவரிடம் முறையிடும் பின்வரிசைக்காரியைப் போல, அவளுடைய வலது கை மார்க் போட்டவர்களை நோக்கி நேராக, விறைப்பாக, வானத்துக்கு உயர்ந்தது. முதுகில் டேப் படாரென்று விட்டது. கையை அவள் இறக்கவில்லை. மேடைக்குக் கீழே கிங்-கிங்கின் கையும் உயர்ந்தது. பிறகு அந்த வரிசை முழுவதும், கையுறை போட்ட கோல்கீப்பர் வரை.