இன்திஸாரின் தோப்பில் சனிக்கிழமை

பாலஸ்தீனத்தில் நாப்லுசுக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் இன்திஸாரிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். எடையில் ஏமாற்றிய எண்ணெய் ஆலைக்காரனை அவன் வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டவள் அவள். கணவன் இறந்த பிறகு ஆலிவ் தோப்பை ஒற்றை ஆளாகக் காத்து வந்தாள். மேலே குன்றில் யூதக் குடியேறிகள் வீடு கட்டிய பிறகுதான் சொந்த மரத்தடிக்குப் போகத் துணை தேவைப்பட்டது.

ஜெருசலேமிலிருந்து எல்யாகிம் என்ற ரப்பி, யூத மதகுரு, அறுவடைக்குத் துணை வருவார். அவர் பக்கத்தில் நின்றால் குன்றுக்காரர்கள் இறங்கி வர யோசிப்பார்கள். ஆனால் சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள், அவர் வண்டியில் ஏற மாட்டார். அப்படி ஒரு சனிக்கிழமை, குன்றுக்காரர்கள் காய்த்த கிளைகளை முறித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்து அவர் வந்தபோது இன்திஸார் கேட்டாள்:

"சனிக்கிழமை கிளை முறிக்கிறது உங்க மதத்துல பாவம்தானே, ரப்பி?"

"பாவம்தான்."

"முறிச்சவன் பயப்படல. நீங்க மட்டும் பயந்து வீட்ல இருக்கீங்க. நடுவுல சாகுறது என் மரம்."

அடுத்த வெள்ளிக்கிழமை, ஓய்வு நாள் தொடங்குமுன், பொழுது சாய்வதற்குள் எல்யாகிம் தன் ரொட்டியோடு வந்து சேர்ந்தார். விதவை வீட்டில் அந்நிய ஆண் தங்க முடியாது. கொழுந்தன் ஜவ்தத் வீட்டு முன்னறையில் படுக்கை போட்டார்கள்.

"யூதனுக்கு மெத்தை போட்டவன்னு ஊரே சிரிக்குது, அண்ணி" என்று ஜவ்தத் குமுறினான். "இவங்க நம்ம கூட நின்னு படம் எடுத்துக்குவாங்க. 'பாருங்க, சமாதானம்'னு ஊருக்குக் காட்டுவாங்க. ஒரு சோதனைச்சாவடியாவது போச்சா?"

"போகல. நீ சொல்றது நிஜம்தான். நாளைக்கு நீ வந்து நிக்கிறியா?"

மறுநாள் அவனும் வந்தான். எல்யாகிம் ஒரு காயைக்கூடத் தொடவில்லை, மரத்தடியில் நின்றார், அவ்வளவுதான். குன்றிலிருந்து வந்த இளைஞர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"துரோகி! அரபிக்காரி சோறு ருசிக்குதா?"

"என் ரொட்டி காய்ஞ்சு போச்சு. அவங்க சோறு நல்லாத்தான் இருக்கு."

இஸ்ரேல் ராணுவம் வந்தது. இடம் மூடப்பட்டது, எல்லோரும் வெளியேற வேண்டும் என்றான் அதிகாரி. எல்யாகிம் அசையவில்லை.

"ஜீப்புல ஏறுங்க, ரப்பி."

"இன்னைக்கு ஏற மாட்டேன். ஏன்னு உங்களுக்கே தெரியும்."

அதிகாரியின் குரல் தணிந்தது. "சரி, மெதுவா நடந்தே போங்க." அதே வாயால் அடுத்த உத்தரவு வந்தது. ஜவ்தத்தின் கைகளைப் பின்னால் கட்டி ஜீப்பில் தள்ளினார்கள்.

"அவருக்கு ஓய்வு நாளு! இவனுக்கு இன்னைக்கு என்ன நாளுடா?" இன்திஸார் ஜீப்பின் மேல் கையால் அறைந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாலையில் ஜவ்தத்தை விட்டுவிட்டார்கள். மன்னிப்புக் கேட்க வந்த எல்யாகிமை அவள் பேச விடவில்லை.

"மன்னிப்ப வெச்சு நான் என்ன பண்ண? உங்களை வண்டில ஏத்தத் தயங்குறாங்க. உங்கள மாதிரி தொப்பி போட்டவங்க இன்னும் எத்தனை பேர் இருக்காங்க? அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க. மரத்துக்கு ஒருத்தரா உக்காருங்க."

மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த ஜவ்தத் கேட்டான்: "அத்தனை பேருக்கும் மெத்தை?"

"உன் வீட்லதான்."

வந்தார்கள். அந்த ஆண்டுக் காய் வீடு சேர்ந்தது. அதைச் சமாதானம் என்று யாராவது சொன்னால் இன்திஸாருக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். தன் மரத்தடியில் தான் நிற்க இன்னொருவரின் மதம் காவலுக்கு வர வேண்டுமா என்று கேட்பாள். கேட்டுக்கொண்டே வெள்ளிக்கிழமை மெத்தைகளை வெயிலில் போடுவாள்.