துண்டுக்கு அடியில் என் கை

இன்று காலை மாங்காய் மண்டியில் நடந்தது.

எங்கள் பக்கம் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேரம். சாயங்காலத்துக்குள் என் லாரி மாங்காய் ஏற்றிக்கொண்டு மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் இந்த சீசன் ஆர்டர் வேறொருவருக்குப் போய்விடும். முகத்தில் அதைக் காட்டவில்லை. அதில் நான் பழைய ஆள்.

தரகர் முனிரத்தினம் கையைப் பிடித்ததுமே சிரித்தார்.

“இன்னாண்ணா, கை ஐஸ் மாறி கீது? லாரி காத்துக்கினு கீதா?”

உடனே இன்னொரு விரலையும் சேர்த்துப் பிடித்தார். விலை ஏறிவிட்டது.

“இருப்பா, டீ குடிச்சிட்டு வரேன்” என்று கையை உருவிக்கொண்டேன்.

டீ குடிக்கும் ஆசையெல்லாம் இல்லை. கையைச் சூடாக்கி அவரை ஏமாற்றத்தான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கவனித்தேன். வயிறு இறுகிக் கிடந்தது, மூச்சு தொண்டையோடு நின்றது. காலையிலிருந்து உடம்பு சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நான்தான் கேட்கவில்லை.

சூடாக இருந்ததால் ஊதி ஊதிக் குடித்தேன். நீளமாக ஊத ஊத வயிறு தளர்ந்தது. பக்கத்து மண்டியிலும் மாங்காய் இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

திரும்பிப் போய்க் கையை நீட்டினேன்.

“இப்ப சூடா கீதே. ஃபேக்டரிலேர்ந்து போன் எதுனா வந்துச்சா?”

“இல்லப்பா. பக்கத்து மண்டிய ஒரு தபா பாத்துட்டு வரலாம்னு கீறேன்.”

சேர்த்த விரலை அவரே விட்டுவிட்டார்.

உங்களுக்குப் பதற்றம் முதலில் எங்கே தெரியும்? எனக்கு உள்ளங்கையில். கமெண்டில் எழுதும்போது பார்த்து எழுதுங்கள், முனிரத்தினமும் இதைப் படிப்பார்.