நான் சொன்ன பெயர்

யோகனைக் காட்டிக்கொடுத்தவன் நான்.

இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்குத் தெரியாது. என் அம்மாவிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன் என்றால், நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்தான். அறிந்த முகமொன்றைப் பார்த்து இதைச் சொல்லும் துணிவு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை...

துணிவு என்று எழுதியதுமே அம்மாதான் கண்முன் வருகிறார். அந்தப் போர்க்காலத்தில் கொழும்பு வெள்ளவத்தைத் தமிழர் மத்தியில் அவர் பெயர் பெற்றவர். "மகனை மீட்டுக்கொண்டு வந்த ரீச்சர்" என்பார்கள். பதினொரு நாள் பொலிஸ் நிலைய வாசலில் இருந்து, அசைய மறுத்து, பிள்ளையோடு வீடு திரும்பிய தாய்! அவர் இருந்தது உண்மை. அதனால்தான் நான் விடுதலையானேன் என்பது பொய். அந்தப் பொய்யை அவர் சாகும்வரை நம்பவிட்டவன் நான்.

அம்மா யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். அப்பா இறந்தபின், ஒரே பிள்ளையான என்னை எப்படியாவது வெளிநாட்டுக்கு அனுப்பிவிட வேண்டுமென்று கொழும்புக்குக் கூட்டிவந்தார். கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஓர் அறை எடுத்து இருந்தோம். எனக்கு இருபத்தொரு வயது. விசா வரும்வரை சும்மா இருக்காமல் கணக்கியல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே என் பக்கத்துக் கதிரையில் இருந்தவன்தான் யோகன்.

நகரின் மறுபக்கம், கொட்டாஞ்சேனையில் தாயோடு இருந்தான். அவர் பெயர் பரிமளம். நான் அன்ரி என்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யோகன் எங்கள் அறைக்கு வருவான். அம்மா அவிக்கும் புட்டுக்காகவே வருகிறேன் என்று அம்மாவிடமே சொல்வான். பெரிய சிரிப்புக்காரன். ஒருநாள் ரயில் பாதைக்கு அப்பால், கடற்கரைப் பாறையில் இருக்கும்போது மட்டும் அவன் சிரிக்கவில்லை. வன்னியில் இருக்கும் தன் அண்ணன் இயக்கத்தில் சேர்ந்துவிட்டான் என்றான். "உனக்கு மட்டும்தான் சொல்லுறன்" என்றான்.

எனக்கு மட்டும்தான்...

சில மாதங்களின் பின் நகரில் எங்கோ குண்டு வெடித்தது. அந்த வாரம் காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். கையில் வகுப்புக் கொப்பிகள். அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்தப் பொலிஸ் நிலையம் என்று நான் சொல்லப்போவதில்லை. இது என் குற்றத்தைப் பற்றிய கதை.

அம்மா அன்று மாலைவரை மூன்று நிலையங்களில் விசாரித்து, நான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். போகச் சொன்னார்கள். போனார். மறுநாள் காலை ஏழு மணிக்குத் திரும்பி வந்து வாசலுக்கு எதிரே நிலத்தில் இருந்துவிட்டார்.

அவருக்குச் சிங்களம் தெரியாது. எங்கள் ஒழுங்கை முனையில் கடை வைத்திருந்த ஃபாரூக் நானாவிடம் இரண்டு வாக்கியங்கள் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கியிருந்தார். "மகே புத்தா வரதக் களே நே. மம யன்னே நே." என் மகன் பிழை செய்யவில்லை, நான் போகமாட்டேன். யார் வந்து அதட்டினாலும் இந்த இரண்டையுமே சொல்வாராம். நான்காம் நாள் காவலுக்கு நின்றவன் பிடித்துத் தள்ள, வீதியோர வடிகானின் விளிம்பில் விழுந்து இடக்கை மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்று பிற்பகலே மாக்கட்டுப் பத்துப் போட்ட கையோடு அதே இடத்தில் வந்து இருந்தார்.

இவையெல்லாம் பின்னர் ஃபாரூக் நானா சொல்லி நான் அறிந்தவை. உள்ளே இருந்த எனக்கு எதுவும் தெரியாது.

உள்ளே அடித்தார்கள். ஓம், அடித்தார்கள். ஆனால் அதை இங்கே விரித்துச் சொல்லி உங்கள் இரக்கத்தை வாங்கப் பார்த்தால் அது இன்னொரு களவு. ஏனென்றால் நான் பெயர் சொன்ன நாளில் என்னை யாரும் தொடவில்லை.

அது பத்தாம் நாள். தமிழ் கதைக்கத் தெரிந்த ஓர் அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார். தேநீர் வந்தது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, பார் என்றார்.

வீதிக்கு அப்பால், கொதிக்கிற வெயிலில், விரித்த பத்திரிகை ஒன்றின் மேல் அம்மா இருந்தார். ஒரு கையில் வெள்ளையாய்ப் பத்து. மற்றக் கையால் கண்ணுக்கு மேலே வெயிலை மறைத்தபடி இந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ட அம்மாதானே? பத்து நாளா இருக்கிறா. நல்ல அம்மா" என்றார் அதிகாரி. "ஒரே ஒரு பேர் சொல்லு. நாளைக்கு அவவோட வீட்டுக்குப் போ."

யோகனின் பெயரைச் சொன்னேன். கொட்டாஞ்சேனையில் அவன் இருந்த வீதியைச் சொன்னேன். அவனுடைய அண்ணனைப் பற்றியும் சொன்னேன். எல்லாம் சொல்லி முடித்தபோது தேநீர் இன்னும் ஆறியிருக்கவில்லை.

அம்மாவுக்காகத்தான் சொன்னேன்! அந்த வெயிலிலிருந்து அவரை எழுப்பத்தான் சொன்னேன்! எத்தனையோ ஆண்டுகள் இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்களும் அப்படி நினைத்து என்னை மன்னிக்க முற்படலாம். வேண்டாம். அந்தக் கணத்தில் நான் நினைத்தது அம்மாவை அல்ல. இரவில் படுக்கவேண்டிய ஈரத் தரையையும், அடுத்த அறையிலிருந்து கேட்கும் சத்தத்தையும்தான் நினைத்தேன். அம்மா அங்கே இருந்தது எனக்கொரு சாட்டாக வாய்த்தது. கை முறிந்தவர் அசையாமல் இருந்தார். கதிரையில் இருந்து தேநீர் குடித்தவன் அசைந்துவிட்டேன்...

மறுநாள் விட்டார்கள். அம்மா என் முகத்தை, தலையை, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு காவலுக்கு நின்றவனிடம் திரும்பி, "ஸ்தூதி" என்று நன்றி சொன்னார். தன் கையை முறித்தவனுக்கு!

வரும் வழியில் ஆட்டோவுக்குள் அவர் முகத்தில் நான் அதற்கு முன் கண்டிராத ஒரு பெருமிதம் இருந்தது. "போகமாட்டன் எண்டு ஒரே பிடியா இருந்திட்டன். கடைசியிலை அவங்களுக்கும் மனம் இளகிப்போச்சு" என்றார். நான் வீதியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று காலை, அதே நேரத்தில், கொட்டாஞ்சேனையில் யோகனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

பிற்பகலில் செய்தி வந்ததும் அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டார். களைத்துப்போய் இருக்கிறீர்கள், இன்று போகவேண்டாம் என்று தடுத்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் அவர் என்னை அப்படிப் பார்த்தார்.

"என்ன கதை கதைக்கிறாய் நீ? எங்கட வீட்டிலை சாப்பிட்ட பிள்ளையடா அவன்."

பரிமளம் அன்ரிக்கு அந்த இரண்டு சிங்கள வாக்கியங்களையும் அம்மாவே பழக்கினார். இருவரும் நிலையம் நிலையமாகப் போனார்கள். எங்குமே அவனைக் கொண்டுவரவில்லை என்றார்கள். சலிக்காமல் ஒவ்வொரு வாசலாக இருந்தார்கள். "என்ர பிள்ளையைப் பதினொரு நாளிலை விட்டவங்கள். பொறுத்திருப்பம்" என்று அம்மா அவருக்கு ஆறுதல் சொல்வாராம். பதினொரு நாள் கழிந்தது. நாற்பது நாள் கழிந்தது. யோகன் வரவில்லை. அம்மா மாலையில் வெயிலில் கறுத்துத் திரும்பி வருவார். பத்துப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் எனக்குச் சமைப்பார். நான் சாப்பிட்டேன். ஒவ்வொரு நாளும் சாப்பிட்டேன்.

அடுத்த ஆண்டு, வெளிநாட்டில் இருந்த மாமாவின் முயற்சியால் எங்கள் இருவருக்கும் விசா கிடைத்தது. அம்மா வரமாட்டேன் என்றார். "நீ போ. உன்னை அனுப்பத்தானே வந்தனான். பரிமளத்தை இந்த நிலையிலை விட்டிட்டு நான் எப்பிடி வாறது?"

என்னோடு வந்து நிம்மதியாக இருந்திருக்க வேண்டியவர், என்னால் பிள்ளையை இழந்த ஒருத்திக்குத் துணையாகக் கொழும்பிலேயே தங்கினார். நான் செய்ததற்கு அவர் விலை கொடுத்தார்; எதற்கென்று அறியாமலே கொடுத்தார்.

அறியாமலேதானா?

புறப்படுவதற்கு முதல் நாள் சொல்லிவிடத் துணிந்தேன். சூட்கேஸில் என் உடுப்புகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். "அம்மா, உள்ளுக்கை வைச்சு..." என்று தொடங்கினேன். அவர் தலை நிமிரவில்லை. "வேண்டாம் ராசா. உள்ளுக்கை நடந்ததை எனக்குச் சொல்லாதை. என்னாலை தாங்கேலாது" என்றார்.

அடித்ததைத்தான் சொல்ல வருகிறேன் என்று நினைத்திருப்பார். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்வது எவ்வளவு வசதியாக இருந்தது!

அதன்பின் அம்மா கொட்டாஞ்சேனைக்கே குடிபோய் அன்ரியோடு இருந்தார். ஆறு ஆண்டுகள். மனு எழுதுவதும், அலுவலகங்களுக்கு அலைவதும், வாசல்களில் காத்திருப்பதுமாகவே அவை போயின. நீரிழிவு முற்றியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. போர் முடியுமுன்னரே இறந்துபோனார். நான் பறந்து வந்து கொள்ளி வைத்தேன். சாவீட்டுக்கு வந்தவர்கள் அந்தப் பதினொரு நாள் கதையை என்னிடமே சொன்னார்கள். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் பரிமளம் அன்ரி ஒரு படிவத்தோடு வந்தார். காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்கும் குழுவொன்றுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமாம். "ரீச்சர்தான் எல்லாம் எழுதுறவா. இந்த முறை நீங்கள் நிரப்பித் தாங்கோ தம்பி" என்றார். பார்த்து எழுத வசதியாக, அம்மா முன்னர் நிரப்பிய படிவத்தின் பிரதியையும் பக்கத்தில் வைத்தார்.

யோகனின் முழுப்பெயர், பிறந்த திகதி, கொண்டுபோன நேரம்... எல்லாம் அம்மாவின் கரும்பலகை எழுத்தில், ஒரு வெட்டும் இல்லாமல் இருந்தன. கைதுக்கான காரணம் தெரிந்தால் குறிப்பிடவும் என்ற இடத்துக்கு வந்தேன். அம்மா எழுதியிருந்தார்:

"யாரோ இவனுடைய பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று தெரியாது."

எந்த மனநிலையில் அதை எழுதினார்? ஊகித்து எழுதினாரா, யாரும் சொல்லக் கேட்டு எழுதினாரா... இல்லை, தெரிந்துகொண்டே என்னை மறைத்து எழுதினாரா? பொய் சொல்லி அறியாத என் அம்மா! இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒருவரைத்தான் எட்டு நாள் முன்னர் எரித்திருந்தேன்.

நான் பேனாவைப் பிடித்தபடி இருப்பதைக் கண்டு அன்ரி எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, அதிலை விளங்கேல்லையோ? ரீச்சர் எழுதினதையே பார்த்து எழுதுங்கோ."

எழுதினேன். யாரோ பெயரைச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதினேன். யார் என்று தெரியாது என்றும், என் கையாலேயே எழுதினேன். அன்ரி வாங்கிக் கீழே கையெழுத்து வைத்தார். பிறகு என் தலையைத் தடவி, "ரீச்சர் போனாலும் நீங்கள் இருக்கிறியள் எனக்கு" என்றார்.

"ஓம் அன்ரி" என்றேன்.