ஆர்லிஸ் விசிலைத் தொடாத சனிக்கிழமை

ஆர்லிஸ் ட்வெட்டனுக்கு அறுபத்து மூன்று வயது. மினசோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். சனிக்கிழமையானால் லாப்ரடார் நாய்களோடு குளத்தங்கரையில்தான் இருப்பாள். வேட்டையில் விழுந்த பறவையைக் கவ்வி வரும் ரிட்ரீவர் நாய்களுக்கான கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி நாள் நடத்துவது பதினான்கு வருடமாக அவள் பொறுப்பு. இந்த நாய்களுக்கு நடக்கும் களப்போட்டி என்று ஆசையாக வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவள் முகத்தைத்தான். அந்த முகம் பலரைத் துரத்தியிருக்கிறது.

போன வருடம் ஐந்து பேர் வந்தார்கள். அவர்களுடைய நாய் சொதப்பினால் ஆர்லிஸுக்குப் பொறுக்காது. தன் கழுத்து விசிலை ஊதி, தானே கைகாட்டி வேலையை முடித்துவிடுவாள். செப்டம்பருக்குள் ஐந்து பேரும் காணாமல் போனார்கள்.

கிளப் தலைவர் வெர்லின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "இந்த வருஷமும் ஆள் ஓடிப்போச்சுன்னா, இந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவேன் ஆர்லிஸ். நாய்க்கு நீ நல்லவதான். மனுஷனுக்குத்தான் ஆக மாட்டேங்கிற."

ஏப்ரல் கடைசியில் வந்தது ஒரே ஒருத்தி. மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்க்கும் பா ஹுவா. கூடவே பெப்பர் என்ற கறுப்பு நாய்.

எதிர்க்கரையில் பட்டுப்போன மரத்தடியில் ஆர்லிஸ் காலையிலேயே ஒரு வெள்ளை டம்மியை, பறவைக்குப் பதிலாக நாய் கவ்வி வர வேண்டிய மிதவை உருளையை, ஒளித்து வைத்து, கிளையில் ஆரஞ்சு நாடா கட்டியிருந்தாள்.

"டம்மி எங்க இருக்குன்னு நாய்க்குத் தெரியாது, உனக்குத் தெரியும். விசில் அடிச்சா திரும்பி உன்னப் பாக்கும். நீ கை காட்டுற பக்கம் போகும். உன்ன நம்பிப் போகணும், அவ்வளவுதான்."

பெப்பர் தண்ணீரில் பாய்ந்தது. பாதிக் குளம் நேராகப் போனது, பிறகு வலப்பக்கக் கோரைப்புதரை நோக்கித் திரும்பியது.

ஆர்லிஸின் கை விசிலுக்குப் போனது. பின்னால் லாரியில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த வெர்லின் இருமினார். அவள் கையைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"ஊது."

பா ஹுவா ஊதி, இடதுபக்கம் கை காட்டினாள். நாய் இடதுபக்கம் கொஞ்சம் நீந்தியது, மறுபடி கோரைக்கே திரும்பியது.

"இன்னொரு தடவ. விட்றாத!"

ஊதினாள். அதே கதை. "எனக்கு வரலைங்க. நீங்களே ஊதுங்க."

"மாட்டேன். அது உன் நாய்."

மூன்றாவது விசில் கீச்சென்று வந்தது. பெப்பர் கோரையைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. பிறகு ஒரேயடியாக இடதுபக்கம் திரும்பிப் போய் மரத்தடியில் கரையேறியது. மோந்தது, சுற்றியது, வெறும் வாயோடு திரும்பி வந்தது.

பா ஹுவா அதன் கழுத்தில் வாரை மாட்டினாள். "நான் இதுக்கு லாயக்கில்லைங்க," என்று காரைப் பார்த்து நடந்தாள்.

ஆர்லிஸ் குளத்தைச் சுற்றிப் போனாள். நாடாவின் கீழே ஒன்றும் இல்லை. அப்போதுதான் கன்னத்தில் காற்று பட்டது. காலையில் அடித்த திசை இது இல்லை. அலை கரையேறி டம்மியை இழுத்துப் போயிருந்தது. கோரைக்குள்ளே, பெப்பர் போகத் துடித்த அதே இடத்தில், வெள்ளையாக மிதந்தது.

அதை மேல்சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியும்? வெர்லின் அவ்வளவு தூரத்தில் இருந்தார். நாய்க்குத்தான் கண்டுபிடிக்க வரவில்லை என்று போய்விடும். அக்கரையில் காரின் எஞ்சின் உறுமியது.

ஆர்லிஸ் டம்மியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். "நில்லு! கோரைக்குள்ள கெடக்கு! நாய்தான் சரி! தப்பு என்னுது!"

எஞ்சின் நின்றது. அவள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது பா ஹுவா நாயோடு நின்றிருந்தாள்.

"மூணு தடவ அவன அங்கேருந்து திருப்ப வெச்சீங்க."

"ஆமா. ஆனா மூக்குல வாசன ஏறின பிறகும் உன் பேச்சக் கேட்டானே. முப்பது வருஷத்துல என் நாய் ஒண்ணுகூட அப்படிக் கேட்டதில்ல."

"அது ஊருக்கே தெரியுமே," என்றார் வெர்லின்.

பா ஹுவா சிரிக்கவில்லை. "காத்து பாத்து டம்மிய மறுபடி வைங்க. வெச்சுட்டு அந்த லாரிகிட்ட போய் நில்லுங்க. என் முதுகுக்குப் பின்னால நின்னு மூச்சு விடாதீங்க."

பதினான்கு வருடத்தில் யாரும் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. ஆர்லிஸ் போய் டம்மியை மேட்டில் ஏற்றி வைத்துவிட்டு, வெர்லின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மே மாசப் பயிற்சியும் நீயே நடத்து—" என்று ஆரம்பித்தார் அவர்.

"சும்மா இரு வெர்லின். நாய் கெளம்பிருச்சு."