பார்த்தது நான், சொன்னது அவர்

என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்காரர் இல்லை. பினாங்குத் துறைமுகத்தில் கிடங்குக் கணக்கு எழுதுகிற கிராணி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் காக்கி அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு தொண்டர் படைப் பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார். அந்தச் சட்டைக்கு நான் போட்ட கஞ்சி இருக்கிறதே, அவர் உட்கார்ந்தால் மொடமொடவென்று சத்தம் வரும். "ஒளிஞ்சு போறவனுக்கு இப்படியாடி கஞ்சி போடுவ? எதிரி காதுல விழும்" என்று திட்டுவார். அப்புறம் கஞ்சியைக் குறைத்துக்கொண்டேன்.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள், நடுநடுவே சிரித்துக்கொண்டு.

படையில் கற்றுக்கொண்டதை எல்லாம் அவர் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒப்பிப்பார். ஓர் இடத்தைப் பார்க்கும்போது முதலில் காலடியைப் பார்க்க வேண்டும், பிறகு கொஞ்சம் தள்ளி, பிறகு தூரம். நாலு அடி நடந்தால் நின்று காது கொடுக்க வேண்டும். போன வழியே திரும்பி வரக்கூடாது. முக்கியமாக, கண்ணால் பார்த்ததைத் தனியாகவும், அடுத்தவர் சொல்லிக் கேட்டதைத் தனியாகவும் சொல்ல வேண்டும், எப்போது என்பதையும் சேர்த்து. எனக்கு அது ஒரே வேடிக்கை. மீன் வாங்க பாசார் சந்தைக்குக் கூட்டிப் போய்த் திரும்பும்போது, "மீன்கார அக்கா என்ன கலர் சேலை?" என்று கேட்பேன். விழிப்பார். "சேலையைப் பாத்தா நீ சும்மா விடுவியா?" என்பார்.

அவருடைய குழுவுக்குத் தலைவர் எங்கள் அடுத்த வீட்டு அண்ணன். மாதாகோயிலுக்குப் போகிறவர்கள். அவரும் துறைமுகத்தில்தான் வேலை. சட்டைக் கையில் பதவிக்கு அடையாளமாக இரண்டு பட்டை வைத்திருந்தார். அந்த வருஷப் பெரிய பயிற்சி நன்றாக நடந்தால் மூன்றாம் பட்டை உறுதி என்று பேச்சு. அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், தைப்பதற்கு நூல்கூட வாங்கி வைத்துவிட்டார்.

பயிற்சி தஞ்சோங் பூங்கா என்கிற ஊர்ப் பக்கம் தென்னந்தோப்பில் நடந்தது. என் சின்னம்மா அங்கேதான் மாடு வைத்துப் பிழைத்தார். சின்னம்மாவைப் பார்க்கிற சாக்கில் நானும் போய்விட்டேன். இவர்களுடைய வேலை, ஓடைப் பாலத்தைக் காக்கிற மற்றக் குழு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, தாங்கள் அகப்படாமல் பாலத்தைப் பிடிப்பது.

காலையில் மாட்டைக் கட்டப் போனேன். பாலத்துக்கு இடது பக்கம் முந்திரி மரத்தடியில் அந்த மற்றக் குழு முழுக்க உட்கார்ந்து தேத்தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தது. தலையில் கூடையோடு போகிற பொம்பளையைப் பார்த்து யார் ஒளிவார்கள்? ஒருவர் பிஸ்கட்கூடக் கொடுத்தார்.

வெயில் ஏறிய பிறகு புல் அறுக்க, ஆள் உயரம் வளர்கிற லாலாங் புல் காட்டில் இறங்கினேன். அரிவாளை ஓங்கினால், புல்லுக்குள் ஒரு முதுகு.

"ஐயையோ!"

"கத்தாதடி, நான்தான்!"

என் வீட்டுக்காரர்! முகமெல்லாம் சேறு. கூட வந்தவரைப் பின்னால் காவலுக்கு நிறுத்திவிட்டு, இவர் பாலத்தைப் பார்க்க ஊர்ந்து வந்திருக்கிறார்.

"என்னங்க இது, எருமை மாதிரி படுத்துக்கிட்டு? அவங்கள தேடுறீங்களா? முந்திரி மரத்தடியில தேத்தண்ணி குடிக்கிறாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். எனக்கு பிஸ்கட் குடுத்தாங்க லா."

அவர் முகத்தில் வந்த சிரிப்பை இப்போதும் பார்க்கிறேன். எப்போது பார்த்தாய் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்படியே பின்னால் ஊர்ந்து போனார். நான் ஆகாயத்தில் பறந்தேன். சின்னம்மாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டு, ராத்திரிக்குப் பாயசம் வைக்கப் பச்சைப்பயறுகூட வறுத்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தவர் பாயசத்தைத் தொடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். அண்ணனிடம் போய், "முந்திரி மரத்தடியில் எல்லாரும் இருக்கிறார்கள், இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன்" என்றிருக்கிறார். அண்ணன் நம்பி, குழுவை வலது பக்கமாக, ஓடையோர நீப்பா ஓலைப் புதருக்குள் கூட்டிப் போயிருக்கிறார். தேத்தண்ணீர் குடித்து முடித்தவர்கள் எப்போதோ இடம் மாறி அந்தப் புதரில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குண்டுச் சத்தம் இல்லாமல் அத்தனை பேரையும் பிடித்துவிட்டார்கள். யார் கொண்டுவந்த செய்தி என்று படையை நடத்துகிற வெள்ளைக்காரத் துரை கத்தியபோது, அண்ணன், "முடிவு என்னுடையது" என்று மட்டும் சொன்னாராம்.

"நீங்க வாயத் தொறக்கலையா?"

"என்னத்தைச் சொல்ல? பொண்டாட்டி சொன்னான்னா? அத்தனை ஆம்பளைங்க முன்னாடி?"

மூன்றாம் பட்டை வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் அக்கா வழக்கம்போல வேலிக்கு மேலே ஆப்பத் தட்டை நீட்டினார். "என்ன தங்கச்சி, மூஞ்சி வாடியிருக்கு? உன் ஆளு தோத்துட்டாருன்னு அழுதியா?" என்றார். ஆப்பத் தட்டை அப்படியே மூடி வைத்தேன். போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று இவரை நச்சரித்தேன். நாலு நாளாகியும் அசையவில்லை.

அதனால் நானே போனேன். அந்தக் காலத்தில் அடுத்த வீட்டு ஆம்பளையிடம் நேராகப் பேச மாட்டோம். அண்ணன் முன்கூடத்தில் பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் அக்காவிடம் சொல்கிற மாதிரி, அவர் காதில் விழ எல்லாவற்றையும் சொன்னேன். பூட்ஸ் துடைக்கிற சத்தம் நின்றது.

"எப்ப பாத்துச்சாம், கேளு" என்றார் மனைவியிடம்.

"காலைல, மாடு கட்டுற நேரம்" என்றேன் சுவரைப் பார்த்து.

அண்ணன் பூட்ஸைக் கீழே வைத்தார். "நீ பாத்துச் சொன்னதுன்னு உன் புருசன் சொல்லியிருந்தா நான் நல்லா சிரிச்சிருப்பேன் தங்கச்சி. ஆனா அந்தப் புதர்ல இன்னொருத்தனைப் போய்ப் பாக்கச் சொல்லிட்டுத்தான் கால் வச்சிருப்பேன்" என்றார். முதல் தடவையாக என்னிடமே பேசினார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஞாயிறு வரிசையில் நிற்கும்போது ஓர் அடி முன்னால் வந்து, துரையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். படையே சிரித்ததாம். அதற்குப் பிறகு, "என்ன கிராணி, வீட்டம்மாவக் கூட்டிட்டு வரலையா? இன்னிக்கு யாரு நமக்கு வழி காட்டுறது?" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன்.

துரை கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். கொடுத்த பட்டையைத் திரும்ப வாங்க முடியாது என்றாராம். அடுத்த வருஷம் அண்ணனுக்குத் தைப்பிங்குக்கு வேலை மாற்றம் வந்தது. இரண்டு பட்டையோடுதான் போனார். சாமான் கட்ட நான் உதவிக்குப் போனேன். காக்கிச் சட்டையை மடித்துக் கொடுக்கும்போது என் கை அந்த இரண்டு பட்டையின் மேலேயே நின்றுவிட்டது. அக்கா பார்த்துவிட்டார்.

"விடு தங்கச்சி, மூணாவதைத் தைக்கிற வேலை எனக்கு மிச்சமாச்சு" என்று சிரித்தார்.

நானும் சிரித்துவைத்தேன். பெட்டி மூடியை அழுத்திப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன்.