முள் ஏறாத மலை

லாரியில் ஏறி உட்கார்ந்ததும் மற்றவர்கள் சாலையைப் பார்ப்பார்கள். அவள் முள்ளைப் பார்ப்பாள். வேகத்தைக் காட்டும் பெரிய முள்ளை அல்ல. பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளை. "எதிர்ல யானையே வந்தாலும் இவ முள்ளத்தான் பாப்பா" என்று அவள் புருஷன் ஷெட்டில் நாலு பேர் முன்னால் கேலி செய்யப்போக, அன்றிலிருந்து அவள் எல்லோருக்கும் முள்ளக்கா ஆனாள். அந்தப் பெயரில் அப்போது பெருமை எதுவும் இல்லை.

கல்யாணத்துக்கு முன்பு சாயப்பட்டறையில் வேலை பார்த்தவள். ஒரு வாரம் நகக்கண்ணில் நீலம் இருக்கும், மறு வாரம் மஞ்சள். அங்கே இருந்த வருஷங்களில் இரண்டு விஷயங்கள் அவள் மனதில் தங்கின. நிறத்தை வைத்துச் சாய மருந்தைச் சொல்ல முடியாது என்பது ஒன்று. ஒரே சிவப்பைப் பல மருந்துகளில் எடுக்கலாம். ஒன்று பருத்தியில் ஒட்டும், ஒன்று கம்பளியில் ஒட்டும், ஒன்று எதிலும் ஒட்டாமல் முதல் அலசலிலேயே ஓடிவிடும். ஒரு தொட்டியின் மிச்சத்தை இன்னொரு தொட்டியில் ஊற்றக் கூடாது என்பது மற்றது. ஊற்றினால் பால் திரிவது போலத் திரிந்து அடியில் வண்டல் கட்டும். லாரி வாழ்க்கைக்கு வந்த பிறகு இந்த இரண்டும் எதற்கும் பயன்படாது என்றுதான் நினைத்திருந்தாள்.

லாரி அவர்கள் கல்யாணத்தைவிட மூத்தது. வார்ப்பிரும்பு என்ஜின், ஈயம் வைத்துப் பற்றவைத்த பித்தளை ரேடியேட்டர், தள்ளினால் தள்ளுகிற பக்கம் போகாத கியர். அதை அவள் புருஷனும் அவள் தம்பியும் கூட்டாக வாங்கி, ஆளுக்கு ஒரு வாரம் என்று மாற்றி மாற்றி ஓட்டினார்கள். கீழே கிடங்கில் சிமெண்ட் ஏற்றி, மலைமேல் இருக்கும் ஊரில் இறக்க வேண்டும். முள்ளக்காவுக்கும் லைசென்ஸ் இருந்தது. ஆனால் கிடங்குக்கும் ஷெட்டுக்கும் நடுவிலிருந்த சமதளத்தில்தான் அவளுக்கு ஸ்டியரிங் கிடைக்கும். மலை என்றால் பக்கத்து சீட்.

ஒரு நாள் லாரியில் பின்னால் வருவதைக் காட்டும் இடது பக்கக் கண்ணாடி உடைந்தது. உடைத்தது யார் என்று மாமனும் மச்சானும் மோதிக்கொண்டார்கள். "எங்கிட்ட இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று இருவருமே சொன்னார்கள். பேச்சு நின்றது. புதுக் கண்ணாடி மாட்டிய பிறகும் பேச்சு ஒட்டவில்லை. உடைந்தது ஷெட் மூலையில் சாட்சி போலக் கிடந்தது. அதற்குப் பிறகு லாரிச் சாவி அவள் கை வழியாகத்தான் கைமாறும்.

"அக்கா, பின் டயர்ல காத்து கம்மியா இருக்குன்னு அவர்கிட்ட சொல்லு" என்பான் தம்பி.

புருஷன் ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பான். "எனக்கும் கண்ணு இருக்குன்னு அவன்கிட்ட சொல்லு."

"நான் என்ன ஸ்பீக்கரா? ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல?" என்பாள் அவள். இருவரும் ஆளுக்கு ஒரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இந்த நிலையில்தான் லாரி கொதிக்க ஆரம்பித்தது. மலைச்சாலையில் பாதித் தூரத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு, வளைவில் ஒரு டீக்கடை. அங்கே வரும்போது முள் சிவப்புக் கோட்டைத் தொடும், முன்னால் ஆவி புகையும். ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஆறும் வரை காத்திருக்க வேண்டும். டீக்கடைக்காரர் சத்தத்தை வைத்தே வண்டியை அடையாளம் கண்டு, வாளியில் தண்ணீர் மொண்டு தயாராக நிற்பார். "உங்க வண்டிக்கு அங்க பஸ் ஸ்டாப் போர்டு வெச்சுட்டாங்களாமே" என்று ஷெட்டில் விசாரித்தார்கள். கிடங்கு மேலாளர் லோடு கொடுக்கத் தயங்கினார். மெக்கானிக் பார்த்துவிட்டு, என்ஜின் தலையை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், என்ஜினைப் பிரிக்காமல் சொல்ல முடியாது, பிரித்தால் செலவு சும்மா விடாது என்றார்.

பல மாதங்களாக எதிலும் ஒத்துப்போகாத மாமனும் மச்சானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: லாரியை எடைக்குப் போட்டுவிடலாம். பழைய இரும்புக்காரர் வந்து அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்து, ஓசையில் திருப்திப்பட்டார். "இந்த சனிக்கிழமை வேற ஒரு வண்டிய வெட்டுறேன். அடுத்த சனிக்கிழமை கிரேனோட வர்றேன்."

வண்டி போனால் இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் பொதுவானது என்று ஒன்றுமே மிஞ்சாது என்பது முள்ளக்காவுக்குத் தெரிந்தது. மறுநாள் காலை, என்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாள். தண்ணீர் வரவில்லை. பழுப்பாக, கொழகொழவென்று கூழ் வந்தது. விரலைச் சாக்கில் துடைத்துவிட்டு அங்கேயே நின்றாள். இதை அவள் பார்த்திருக்கிறாள், வேறு ஊரில், வேறு தொட்டியின் அடியில்.

வீட்டுக்குள் வந்து புருஷனிடம் கேட்டாள். "சூடு தணிய ரேடியேட்டர்ல என்ன ஊத்துவீங்க?"

"கூலண்ட்தான். பச்சை. உன் தம்பி வெறுந்தண்ணிய ஊத்தி ஓட்டிட்டு வருவான். எவ்வளவு கொறஞ்சிருக்கோ அத நான்தான் நெரப்புவேன்."

தம்பி வீட்டுக்குப் போனாள். "நீ என்னடா ஊத்துவே?"

"சிவப்புக்கா. நல்லது. மாமா வெறுந்தண்ணியவே ஊத்திக் கெடுத்துடுவாருன்னு நான்தான் ஒவ்வொரு தடவையும் டாப்-அப் பண்ணுவேன். அவர்கிட்ட சொல்லிடாத."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. லாரியைக் கவனிக்காமல் யாரும் கெடுக்கவில்லை. இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு கவனித்துக் கெடுத்திருக்கிறார்கள்.

இருவரையும் உதிரிபாகக் கடைக்கு இழுத்துப் போனாள். புருஷன் வலப்பக்கம், தம்பி இடப்பக்கம். கடைக்காரர் கேட்டார், "எந்தக் கலர்?"

"பச்சை" என்றான் புருஷன், முந்திக்கொண்டு.

கடைக்காரர் இரண்டு கேன்களை எடுத்து வைத்தார். இரண்டுக்குள்ளும் பச்சை. "எந்தப் பச்சை?"

புருஷன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுக்கு முன்னால எது வாங்கினீங்க?"

"எது முன்வரிசைல இருந்துச்சோ அது."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். "நீ எத வெச்சுடா சிவப்பு வாங்கினே?" என்று அவள் திரும்பவும் அவன் சிரிப்பு நின்றது. "விலை ஜாஸ்தியா இருந்துச்சு. அதான் நல்லதுன்னு..."

"நெறம் மருந்துல கடைசியா கலக்கறது" என்றாள் அவள். "கம்பெனிக்கு ஒரு நெறம். டப்பாவத் திருப்பிப் பின்னாடி படிங்க."

படித்தார்கள். ஒரு பச்சை புது வகை: அலுமினிய ரேடியேட்டர் உள்ள புது வண்டிகளுக்கு, நீண்ட நாள் உழைக்கும் என்று போட்டிருந்தது. இன்னொரு பச்சை பழைய வகை: வார்ப்பிரும்பு டீசல் என்ஜின், பித்தளை ரேடியேட்டர், ஈயப் பற்றுக்குப் பாதுகாப்பு, குறுகிய இடைவெளியில் மாற்ற வேண்டும். தம்பி வாங்கிவந்த சிவப்பின் பின்புறத்தில் இருந்ததும் புது வகைதான். கெட்ட சரக்கு என்று அங்கே எதுவும் இல்லை. அந்தச் சிவப்பும் வேறொரு வண்டிக்கு உயிர் கொடுக்கும். பொருத்தம் என்பது பொருளுக்குள் இருப்பதில்லை, இரண்டு பொருள்களுக்கு நடுவில் இருப்பது.

டப்பாவில் எழுதியிருப்பதை அப்படியே நம்புகிற ஆள் அல்ல முள்ளக்கா. மெக்கானிக்கிடம் பழைய ரேடியேட்டர் ஒன்றிலிருந்து ஈயப் பற்றோடு பித்தளைத் துண்டுகளை வெட்டி வாங்கினாள். ஊறுகாய் போட்டுத் தீர்ந்த கண்ணாடி பாட்டில்களில் ஒன்றில் புது வகை, ஒன்றில் பழைய வகை, ஒன்றில் இரண்டும் கலந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு. ஒரு பழைய சட்டியில் வெந்நீர் வைத்து அதில் பாட்டில்களைத் தினமும் சூடாக்கினாள். பிறகு எட்டாத உயரத்தில், சிவப்புத் துணி கட்டி வைத்தாள்.

"என்ன கஷாயம்?" என்றான் புருஷன்.

"குடிச்சா இனிப்பா இருக்கும். அதுக்கப்புறம் நீங்க இருக்க மாட்டீங்க. அந்தச் சட்டியையும் தொடாதீங்க, அது இனிமே சமையலுக்கு இல்ல."

ஒரு வாரம் கழித்து பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். கலந்த பாட்டிலின் அடியில் பழுப்புக் கூழ். புது வகையில் கிடந்த ஈயம் சாம்பல் பூத்து, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. பழைய வகையில் போட்ட துண்டு, போட்ட அன்றைக்கு இருந்த மினுக்கத்தோடு இருந்தது. மெக்கானிக் அதை வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஹெட்ட அப்புறம் பாப்போம். மொதல்ல வயித்தக் கழுவுவோம்" என்றார். தன் ஊகத்தை இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கும் மெக்கானிக் அபூர்வம்.

கழுவினார்கள். ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகத் தண்ணீர் பாய்ச்சினார் மெக்கானிக். என்ஜின் அடியில் இருந்த குழாயைத் திறந்ததும் பழுப்பு வந்தது, பிறகு வெளிர் பழுப்பு, பிறகு கலங்கல். தெளிந்தது போதும் என்று ஆண்கள் சொன்னபோதெல்லாம் அவள் ஒரு வெள்ளைத் துணியில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக் காட்டினாள். பட்டறைப் பழக்கம். துணியில் கறை விழாத பிறகுதான் நிறுத்தினாள். கிணற்றுத் தண்ணீரில் உப்பு படியும் என்று பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரை வாங்கி, பழைய வகைக் கூலண்டோடு பாதிக்குப் பாதி கலந்து நிரப்பினாள்.

கிரேன் வர வேண்டிய சனிக்கிழமை வந்தது. கிடங்கில் கெஞ்சிக் கூத்தாடி முழு லோடு வாங்கியிருந்தாள். "வளைவுல நின்னு மானம் போறதுக்கு நான் வரல, நீயே ஓட்டிக்க" என்று புருஷன் சாவியை நீட்டினான். அவன் விளையாட்டாகச் சொன்னான். அவள் வாங்கிக்கொண்டாள். அவன் பதறி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான். "அக்கா தனியா போனா சரிப்படாது" என்று தம்பியும் ஏறினான். வேறு இடமில்லாமல் மாமனும் மச்சானும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

அன்றைக்கு முள்ளக்கா சாலையைப் பார்த்தாள். முள்ளைப் பார்க்க இரண்டு பேர் இருந்தார்கள்.

மலை தொடங்கியது. கியரைக் குறைத்தாள். என்ஜின் உறுமியது. முள் மெல்ல எழுந்து நடுவுக்கு வந்தது. இரண்டு தலைகள் அதை நோக்கிக் குனிந்தன.

"மாமா, ஏறுதா?" என்றான் தம்பி, தன்னை மறந்து.

"இல்லடா. நடுவுலயே நிக்குது."

"கண்ணாடி மேல தூசியா இருக்கும். தட்டிப் பாருங்க."

"தட்டிட்டேன். நிக்குதுடா மச்சான், நடுவுலயே நிக்குது!"

இருவரும் பேசிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். அடுத்த திருப்பத்துக்கு ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினாள்.

டீக்கடை வளைவு. சத்தம் கேட்டு டீக்கடைக்காரர் வழக்கம்போல வாளியோடு சாலை ஓரத்துக்கு வந்துவிட்டார். சக்கரத்துக்கு வைக்கும் கல்லைக் காலால் உருட்டிக்கூட வைத்திருந்தார். முள்ளக்கா ஹாரனில் கையை வைத்தாள், எடுக்கவில்லை. சிமெண்ட் பாரத்தோடு அந்தக் கிழட்டு லாரி, முனகாமல், புகையாமல், அவரைத் தாண்டி வளைந்து மேலே ஏறியது. அவர் வாளியைக் கீழே வைக்க மறந்து பார்த்தபடி நின்றார். தம்பி உடம்பில் பாதியை வெளியே நீட்டிக் கத்தினான்: "அண்ணே! அதச் செடிக்கு ஊத்துங்க!"

மேலே போய் நின்றதும் புருஷன் தாவிக் குதித்து ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான். அவள் அந்தக் கையில் ஓர் அடி போட்டாள். "சூடா இருக்கும்போது தொறப்பீங்களா? முகம் வெந்துடும்." அவன் கையைத் தடவிக்கொண்டு, சுற்றிலும் நின்ற லாரிக்காரர்களைப் பார்த்து, "எங்க முள்ளக்கா" என்றான். அதே பெயர்தான். சொன்ன தொனிதான் வேறாக இருந்தது.

மூட்டைகள் இறங்கிக்கொண்டிருக்கும்போது அவள் போன் அடித்தது. பழைய இரும்புக்காரர்.

"என்னம்மா, கிரேனோட வந்து நிக்கிறேன். ஷெட்டு காலியா இருக்கு. வண்டி எங்க?"

"மேல இருக்குங்க."

"எந்த மேல?"

"மலை மேல. லோடு எறங்கிட்டிருக்கு."

அந்தப் பக்கம் அவர் கிரேனை அணைக்கச் சொல்வது கேட்டது. "அப்போ இவ்வளவு தூரம் வந்து நான் எத எடுத்துட்டுப் போறது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். லாரியின் நிழலில் மாமனும் மச்சானும் ஒரே குவளையில் மாற்றி மாற்றித் தண்ணீர் குடித்துக்கொண்டு, அடுத்த மலை லோடை யார் ஓட்டுவது என்று நேருக்கு நேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓட்டப்போவது யார் என்று அவளுக்குத் தெரியும். சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"ஷெட்டு மூலையில ஒடஞ்ச கண்ணாடி ஒண்ணு கெடக்கும் பாருங்க" என்றாள். "அத எடுத்துட்டுப் போங்க."